ஈரம் காயாத டப்பா

“பேய் இருக்கா இல்லையாங்கிறது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. எனக்குப் புத்தி சரியா இருக்கா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

சுதாராணியின் குரலில் அழுகை இல்லை. அழவேண்டியதை எல்லாம் வீட்டிலேயே அழுது முடித்து, முகம் கழுவி, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை மட்டும் பவுடரால் மறைக்க முடியவில்லை.

பூவனலிங்கம் மண்கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே ஒற்றை அறை அது. கீழே பாகு காய்ச்சும் வாசம் படியேறி வந்து பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் தீவிபத்துகளைப் பார்வையிடும் அதிகாரியாகப் பாதி ஆயுளைக் கழித்தவர், ஓய்வு பெற்றதும் இங்கே துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். பலகையின் பெயிண்ட் காயும் முன்பே வேலை கேட்டு வந்தவள் சந்தனமாரி. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். வாய் அதற்கும் ஒரு வகுப்பு மேலே.

“முதல்ல இருந்து சொல்லு தாயி,” என்றார் பூவனலிங்கம்.

அவள் சொன்னாள். சொந்த ஊர் புதியம்புத்தூர். அப்பா ரெடிமேட் சட்டை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். கட்டிக்கொடுத்தது இங்கே, தீப்பெட்டிக் கம்பெனி தங்கச்சாமியின் ஒரே மகன் மணிகண்டபிரபுவுக்கு. மாமனார் தங்கச்சாமி போன ஐப்பசியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் பைப் புகைப்பவர். வாலிபத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பழகியதில் வந்த பழக்கம். கம்பெனியில் பீடிகூட யாரும் பற்றவைக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தவர், சாயந்திரமானால் வீட்டு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு பைப் புகைப்பார்.

“தை மாசத்துல இருந்து அந்த வாசம் வருது அண்ணாச்சி. விளக்கு வைக்கிற நேரம். நான் அடுப்படியில தனியா நிப்பேன். எங்க வீட்டுக்காரவிய கம்பெனியில இருப்பாவ. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருவாவ. மாமாவோட பைப் வாசம் அப்படியே சன்னல் வழியா இறங்கி வரும். சில நாள் செருமுத சத்தமும் கேட்கும். மாமா செருமுத மாதிரியே.”

“யாரையும் கூப்பிட்டுக் காட்டலையா?”

“ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வருததுக்குள்ள காத்து துடைச்சிட்டுப் போயிரும். போன வாரம் மயங்கி விழுந்துட்டேன். மாமாவோட தம்பி, பிச்சையா சின்ன மாமா, முடிவு பண்ணிட்டாவ. நாளைக்குச் சாயந்திரம் வண்டி வருது. என்னை எங்க அப்பா வீட்டுல விட்டுருவாவளாம். குணமானதும் கூட்டிக்கிடலாம்னு பேச்சு.”

“கூட்டிக்கிடுவாவளா?” என்றாள் சந்தனமாரி.

“பேய் புடிச்சவன்னு பேர் வாங்கி வெளிய போனவளை யாரு திரும்பக் கூப்பிடுவா?”

“உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?”

சுதாராணி தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவிய ஒண்ணும் சொல்லல. எனக்கு மத்த எல்லாத்தையும் விட அதுதான் பயமா இருக்கு.”

*

மறுநாள் வெயில் கொஞ்சம் தாழ்ந்த நேரத்தில் பூவனலிங்கத்தின் டி.வி.எஸ். 50 ஊர்க்கோடியைப் பார்த்துப் போனது. பின்னால் சந்தனமாரி.

“கடம்பூர் போளி வாங்கித் தாரேன்னு சொல்லிக் கிளப்பி, பேய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. எங்க அம்மைக்குத் தெரிஞ்சா உங்களைத்தான் முதல்ல மந்திரிக்கச் சொல்லுவா.”

“பயமா இருந்தா இங்கன இறங்கிக்கோ.”

“செத்தவங்ககிட்ட எனக்கு என்ன பயம்? அவங்க டிக்டேஷன் குடுக்கமாட்டாங்க. உயிரோட இருக்கவங்ககிட்டதான் பயம்.”

வீடு ஊரின் கடைசியில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கரிசல் காடு. பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த பருத்திமார்க் குச்சிகள் கறுத்து நின்றன. நிலம் வாய் பிளந்து கிடந்தது. அதன் மேலாக வந்த காற்று, வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சன்னலையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டு மாடி. மாடி அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு படி, பின்கட்டிலிருந்து ஒரு படி. அந்த அறையின் சன்னல், அடுக்களைச் சன்னலுக்கு நேர் மேலே இருந்தது. பூவனலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் போடும் விஷயமாக ஒரு பார்வை பார்க்க வந்ததாகச் சொன்னார். தங்கச்சாமி காலத்திலிருந்து தெரிந்த மனிதர் என்பதால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

மணிகண்டபிரபு கூடத்தில் அப்பாவின் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். தூங்கி நாளான முகம். எரிந்த குச்சியை, பக்கத்தில் தயாராக வைத்திருந்த தண்ணீர் டம்ளருக்குள் போட்டான். ‘ஸ்’ என்றது.

“குச்சிக்கெல்லாம் குளிப்பாட்டுதாவ,” என்று சந்தனமாரி முணுமுணுத்தாள்.

“தீப்பெட்டிக்காரங்க வீட்டு வழக்கம். எரிஞ்ச குச்சியைத் தரையில போடவே மாட்டாங்க. எத்தனை தீயைப் பார்த்திருப்பாங்க,” என்றார் பூவனலிங்கம் அதே முணுமுணுப்பில்.

கூடத்து ஓரத்தில் ஒரு பெஞ்சில் சுப்புத்தாய் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சாமியின் மனைவி. வெறும் நெற்றி, பூ இல்லாத தலை, வெளுத்த நூல்சேலை. “மோர் குடிக்கீங்களா?” என்று கேட்டதோடு அவள் பேச்சு முடிந்தது.

மாடி அறைச் சாவி பூஜை அறையில், சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அது அங்கே தொங்குவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மணிகண்டபிரபு எடுத்துக் கொடுத்தான்.

“நீங்க பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. நான் வரல. அப்பா போன பிறகு அங்கன ஏறவே மனசு வரல.”

“அப்பாவோட புகையிலை எல்லாம் அங்கனதான் இருக்கா? தீ சமாச்சாரம், அதான் கேக்குதேன்.”

“ஒரு டப்பா கிடக்கும். மழைக்காலத்துல நமத்துப் போயிரும்பா, ஒரு சுண்ணாம்புப் பொட்டலம் போட்டு வைங்கன்னு நான்கூடச் சொன்னேன். ‘போலே, இது உன் தீப்பெட்டி இல்லை’ன்னு சிரிச்சாவ.” அவனும் லேசாகச் சிரித்தான். சிரித்ததற்கு உடனே வருத்தப்பட்டவன்போல, கம்பெனியில் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

*

அறைக் கதவு முனகாமல் திறந்தது. யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள்.

உள்ளே ஒரு பிரம்பு நாற்காலி சன்னலைப் பார்த்துக் கிடந்தது. வருஷக்கணக்காக ஒரே ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவே குழிந்திருந்தது. அந்தக் குழி இன்னும் யாரையோ தாங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. சந்தனமாரி அதைச் சுற்றிக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தாள்.

“யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு அண்ணாச்சி. நான் வந்தது பிடிக்காம.”

பூவனலிங்கம் மேஜை மேல் விரலால் இழுத்துப் பார்த்தார். ஒருநாள் அடைத்து வைத்தாலே விரல் பட்டால் கோடு விழும் ஊர் இது. கோடு விழவில்லை.

மேஜையில் பைப்பும், அதன் பக்கத்தில் மூடியில் கப்பல் படம் போட்ட ஒரு வட்ட டப்பாவும் இருந்தன. மூடியைத் திறந்தார். உள்ளே புகையிலை நேரடியாகத் தெரியவில்லை. முதலில் ஈரத்துணி. பழைய வேட்டியிலிருந்து கிழித்த மெல்லிய வெள்ளைத் துணி. அதற்குக் கீழே, தீயில் வாட்டி மடித்த வாழையிலை. இலையைப் பிரித்ததும் கருப்பட்டியும் ஈரமண்ணும் கலந்தாற்போல ஒரு வாசம் எழுந்து அறையில் நின்றது. சந்தனமாரி தன்னையறியாமல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

பூவனலிங்கம் புகையிலையை இரு விரலால் அழுத்தினார். பஞ்சு மாதிரி அமுங்கியது. விட்டதும் மெல்ல எழுந்தது. விரலில் ஈரம்.

“காலையில வாங்கின மல்லித்தழை மத்தியானம் சருகாயிருது இந்த ஊர்ல. ஐப்பசியில செத்த மனுசனோட புகையிலை, வைகாசி வெயில்ல இப்படி இருக்கு.”

“அப்ப பேய்தான். கேஸ் முடிஞ்சது. வாங்க போளி வாங்கப் போவோம்.”

“பேயா இருந்தா இதை விட ஒழுங்கா வச்சிருக்கும்.” அவர் டப்பாவின் அடியில் விரலை விட்டு ஒரு சின்ன ஓட்டுச்சில்லை எடுத்தார். உடைந்த பூந்தொட்டியின் துண்டு. விளிம்புகளைத் தேய்த்து மழுக்கியிருந்தது. “இது என்னன்னு தெரியுதா?”

“குப்பை.”

“தூத்துக்குடியில எங்க பெரிய அதிகாரி ஒருத்தர் பைப் புகைப்பார். அவரும் இதே மாதிரி ஒரு சில்லு வச்சிருப்பார். தண்ணியில ஊறப்போட்டு, மேல ஒட்டின ஈரத்தைத் துணியால துடைச்சு, டப்பாவுல போட்டு மூடிருவார். சில்லு தான் குடிச்ச தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமா புகையிலைக்குக் குடுக்கும். புகையிலை காஞ்சா நாக்கைச் சுடும். ஈரம் கூடினா பூஞ்சை பிடிச்சுரும், பத்தவும் பத்தாது. ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தணும். தங்கச்சாமி அண்ணாச்சி வச்ச சில்லு இது. தொட்டுப் பாரு.”

“எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு.”

“அவரோட ஆவி வந்து ஈரம் வச்சிருந்தா இந்தச் சில்லைத்தான் நனைச்சிருக்கும். இது எதுக்குன்னே தெரியாத ஒரு ஆளு, தனக்குத் தெரிஞ்ச வழியில ஈரம் வச்சிருக்கு. அதுவும் தேவைக்கு மேல. அங்கன பாரு.”

சன்னல் விளிம்பில் ஒரு பித்தளை டம்ளர். பாதித் தண்ணீர். அதற்குள் எரிந்த தீக்குச்சிகள் கொத்தாக மிதந்தன.

“ஒரு பைப்புக்கு இத்தனை குச்சியா?”

“ஈரப் புகையிலை. இழுக்க இழுக்க அணையும். இழுக்கவும் தெரியாத ஆளு.”

சந்தனமாரியின் கண் பளிச்சிட்டது. “குச்சி தண்ணிக்குள்ள கிடக்கு. தீப்பெட்டி வீட்டுப் பழக்கம். அப்ப வீட்டுக்காரர்தான். பொண்டாட்டியை விரட்ட நல்ல வழி கண்டுபிடிச்சிருக்காரு.”

“புகையிலைக்குச் சுண்ணாம்பு வைக்கச் சொன்ன ஆளு அவரு. ஈரம்னாலே அவருக்குப் பகை. இந்த இலையை மடிச்ச கை அவரோடது இல்ல.”

அவள் இலையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மடிப்பைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். அது தானாகப் பழைய மடிப்பிலேயே போய்ப் படிந்தது. அவள் முகத்திலிருந்த கேலி மெல்ல இறங்கிப் போனது.

“அண்ணாச்சி, இது புகையிலை வைக்கிற முறை இல்ல. பூ வைக்கிற முறை. கட்டின மல்லிச்சரத்தை இப்படித்தான் இலையில சுத்தி, மேல ஈரத்துணி போட்டு, தண்ணிப் பானை பக்கத்துல வைப்பாவ.” கொஞ்சம் நிறுத்தினாள். “இந்த வீட்டுல தலையில பூ வைக்கிற பொம்பளை ஒருத்திதான் இருக்கா.”

கீழே அடுக்களையில் சுதாராணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

*

மாடிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, டப்பாவிலிருந்த வாழையிலையை அடுக்களை மேடையில் வைத்து விஷயத்தைச் சொன்னபோது சுதாராணி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நானா?” என்றாள்.

“நாங்க அப்படிச் சொல்லல,” என்றாள் சந்தனமாரி.

“நேத்துப் பின்கட்டு வாழையில ஒரு இலை அறுத்திருந்துச்சு. யாரு அறுத்தான்னு யோசிச்சேன்.” சுதாராணி தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள். “சில நாள் சாயந்திரம் அடுப்பு முன்னால நிக்கிறது தெரியும். அடுத்தாப்பில பார்த்தா வெளிய இருட்டியிருக்கும். நடுவுல என்ன பண்ணினேன்னு தெரியாது. நான்தான் மேல போறேனா அண்ணாச்சி? நானே பத்தவச்சிட்டு, நானே கீழ வந்து பயப்படுதேனா?”

விரல்களை மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். ஆனாலும் அவள் முகம் வெளிறிவிட்டது. “அப்ப இவிய சொல்லுதது சரிதான். வண்டி வரட்டும். நான் போயிருதேன்.”

பூவனலிங்கம் அவள் தலையைப் பார்த்தார். “தாயி, இந்தப் பூ எப்ப வாங்கினது?”

“பூவா? முந்தாநாள்.”

“நேத்து எங்க ஆபீசுக்கு இதைத்தான் வச்சிட்டு வந்தியா? இன்னும் வாடலையே. எங்க வச்சிருந்த?”

அவள் புரியாமல் மூலையிலிருந்த ஃபிரிட்ஜைக் காட்டினாள். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. சந்தனமாரி திறந்து பார்த்தாள். முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மீதி மல்லிச்சரம், சிரித்த முகமாய்.

“வாழையிலையில வைக்கிற பழக்கம் உண்டா?”

“இல்லையே. நான் பள்ளிக்கூடம் போகும்போதே எங்க வீட்டுல ஃபிரிட்ஜு வாங்கிட்டாவ.”

பூவனலிங்கம் பின்கட்டுக்குப் போய் ஒரு துண்டு இலையை அறுத்து வந்தார். “அந்தச் சரத்தை இதுல மடிச்சுக் குடு.”

அவள் இலையை விரித்து, பூவை நடுவில் வைத்து மடக்கினாள். பச்சை இலை ‘டப்’பென்று நரம்போரம் கிழிந்தது. இன்னொரு பக்கம் மடக்கினாள். அதுவும் கிழிந்தது. அவள் பரிதாபமாக நிமிர்ந்தாள்.

“அடியே, முதல்ல அடுப்புல வாட்டணும்டி,” என்றாள் சந்தனமாரி. சொன்ன வேகத்தில் சுதாராணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு இலையை வாட்டணும்னே தெரியல. நீ இல்லக்கா. நீ இல்லவே இல்ல.”

“அப்ப யாரு?”

பூவனலிங்கம் பதில் சொல்லாமல் கூடத்தை எட்டிப் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது. மாடத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைக் காணவில்லை. வெளியே வெளிச்சம் செம்மண் நிறமாகி, பிறகு அதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது. பின்கட்டு வாழைகூட அசையவில்லை.

சன்னல் வழியாக முதலில் ஒரு நூல்போல வந்தது. பிறகு அறை முழுக்க நிறைந்தது. கருப்பட்டியும் ஈரமண்ணும் எரிவதுபோல ஒரு வாசம். மேலே எங்கோ, தொண்டைக்குள் அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே வந்த ஒரு செருமல்.

சுதாராணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. “உங்களுக்கும் வாசம் வருதா?”

“எனக்கு வருதுக்கா,” என்றாள் சந்தனமாரி. “அண்ணாச்சிக்கும் வருது.”

சுதாராணி அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், சந்தனமாரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

“வா தாயி,” என்றார் பூவனலிங்கம். “வாழையிலையை வாட்டி மடிக்கத் தெரிஞ்ச கை. எரிஞ்ச குச்சியைத் தண்ணியில போடுத கை. ரெண்டும் ஒரே கையா இருக்கிறது இந்த வீட்டுல ஒரு ஆளுக்குத்தான்.”

*

பின்கட்டுப் படியில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. எண்ணெய் குறையவே இல்லை; அது கோயிலுக்குப் போகவில்லை.

மேலே கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. சுப்புத்தாய் தரையில், நாற்காலிக்கு எதிரே, சாமி முன்னால் உட்காருவதுபோல முந்தானையைத் தோளில் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பைப் அவள் வாயில் இருந்தது. குச்சி கிழித்தாள். கன்னம் குழிய இழுத்தாள். புகை பிடித்ததும் இருமல் அவளை உலுக்கியது. இருமிக்கொண்டே பைப்பை ஒரு வெண்கலத் தட்டில் வைத்து நாற்காலியின் குழிவில் வைத்தாள். பைப்பின் வாய்ப்பக்கம் நாற்காலியின் முதுகைப் பார்த்து இருந்தது. எரிந்த குச்சி டம்ளருக்குள் போய் ‘ஸ்’ என்றது. மெல்லிய புகை, உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் முகம் இருக்கக்கூடிய உயரத்துக்கு எழும்பி, அங்கே கொஞ்சம் தங்கி, சன்னலைப் பார்த்து நகர்ந்தது.

“மதினி,” என்றார் பூவனலிங்கம்.

அவள் திடுக்கிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இருங்க. அவிய முடிக்கட்டும்.”

புகை நின்றது. அதற்குப் பிறகுதான் சுப்புத்தாய் பேசினாள்.

“கருமாதிப் படையல்ல அவியளுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சோம். இதையும் வச்சோம், பத்தவைக்காம. ஊதுபத்தின்னா கொளுத்தினா தானா எரியும். இது ஒரு ஆளு வாய் வச்சு இழுத்தாத்தான் எரியும். யாரு இழுக்க? பிரபுவை இழுக்கச் சொன்னா அவனுக்குப் பழக்கமாயிரும். வெறும் பைப்பைக் காட்டிக் கும்பிட்டு அனுப்பி விட்டுட்டோம். பொங்கலுக்கு எனக்குச் சோறு இறங்கல. ஒரு நாள் மட்டும் வச்சிருவோம்னுதான் வந்தேன்.”

“புகையிலை காஞ்சு போயிருக்குமே மதினி?”

“பொடியா உதிர்ந்துச்சு. கை தானா இலையை வாட்டப் போயிருச்சு.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “தலையில பூ வைக்கக் கூடாதுன்னு சொன்னாவ. கைக்கு யாரும் சொல்லல.”

“உங்க மருமக கீழ மயங்கி விழுந்தாளே. அதைப் பாத்துமா சும்மா இருந்தீங்க?”

சுப்புத்தாய் தட்டிலிருந்த பைப்பை மெல்ல நேராக்கி வைத்தாள்.

“முத நாள் அவ கத்தினா. மாமா வாசம் வருது, மாமா வந்திருக்காவன்னு. அவ வாயால அதைக் கேட்டதும் எனக்கு அம்புட்டு நிம்மதி. நான் வச்சது போய்ச் சேர்ந்திருக்கு, அவிய வந்திருக்காவன்னு நானும் நம்பிட்டேன். அப்புறம் அது நான்தான்னு எப்படிச் சொல்ல? சொல்லிட்டா அவிய வரலைன்னு ஆயிருமே.”

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டுப் பூவனலிங்கம் திரும்பினார். இவ்வளவு நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட சுதாராணி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, ஓடிப்போய்ச் சொல்லுங்க,” என்றாள் சந்தனமாரி.

“நான் சொன்னா அந்த வண்டியில மதினியை ஏத்துவாவ. இது வெளியாளு சொல்லுத விஷயம் இல்ல.” அவர் சுப்புத்தாயைப் பார்த்தார். “மதினி, அவளும் சொல்லமாட்டா. சொல்லுதவளா இருந்தா இந்நேரம் இங்கனயே கத்தியிருப்பா. நாங்க கீழ போறோம்.”

சுப்புத்தாய் நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தாள்.

*

கூடத்தில் பிச்சையா தோளில் துண்டோடு நின்றார். தங்கச்சாமியின் தம்பி, கனத்த உடம்பு, அவசரக்காரர். அந்த வண்டியிலேயே திரும்பியிருந்த மணிகண்டபிரபு சூட்கேசைக் கொண்டுவந்து வைத்தான்.

“கிளம்பு தாயி. இருட்டு ஏறுததுக்குள்ள ஊர் போய்ச் சேரணும். கொஞ்ச நாள் அம்மை கையால சாப்பிட்டா எல்லாம் சரியாப் போயிரும்,” என்றார் பிச்சையா. பூவனலிங்கத்தைப் பார்த்து, “நீங்க இங்கன என்ன அண்ணாச்சி?” என்றார்.

“தீ இன்சூரன்ஸ்.”

“முடிஞ்சதா?”

“இன்னும் இல்ல.”

சுதாராணி சூட்கேசைத் தானே எடுத்துக்கொண்டாள். கணவன் முன்னால் போய் நின்றாள்.

“ஒண்ணு மட்டும் கேக்குதேன். உங்களுக்கு ஒரு நாள்கூட அந்த வாசம் வரலையா?”

மணிகண்டபிரபு தரையைப் பார்த்தான். “இல்ல சுதா.” பிறகு, “காப்பியாவது குடிச்சிட்டுப் போ,” என்றான்.

அவள் தலையசைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். சந்தனமாரி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். பூவனலிங்கம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்க அண்ணாச்சி.”

“பொறுட்டி.”

“எவ்வளவு நேரம் பொறுக்க? அவ கார்ல ஏறின பிறகா?”

சுதாராணி நிலைப்படியைத் தாண்டும்போது, ஆளுக்கு முன்னால் புகை வந்தது. உள்படி வழியாக, கூடத்துக் குழல்விளக்கு வெளிச்சத்தில் நீலமாக மிதந்து இறங்கியது. பிச்சையாவின் கை தானாகத் தோள் துண்டை எடுத்து இடுப்புக்குக் கொண்டுபோனது. அண்ணன் அறைக்குள் வரும்போது அவர் எப்போதும் செய்வது அது.

“அண்ணே,” என்றார், யாரையும் பார்க்காமல்.

படியில் இறங்கி வந்தது சுப்புத்தாய். வாயில் பைப். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படிக்கு வரும்போது பைப் அணைந்துவிட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, மடியிலிருந்து தீப்பெட்டி எடுத்துக் கிழித்து, கன்னம் குழிய இழுத்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“மதினி, என்னது இது. பொம்பளை இப்படி…”

“வண்டியை அனுப்பிரு பிச்சையா.”

“உங்களுக்கும் என்னமோ…”

“எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கும் ஒண்ணும் இல்ல. தினமும் சாயந்திரம் மேல உக்காந்து இதைக் கொளுத்தினது நான். அவ கேட்டது நான் செருமினது.” பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. “அவிய வரல. ஒரு நாள்கூட வரல.”

வெளியே டிரைவர் கார் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மணிகண்டபிரபு அம்மாவின் அருகே குனிந்தான். அவள் முகத்தையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தான். எதைத் தொடுவது என்று தெரியாமல் அவன் கை பாதியில் நின்றது.

“பிரபு, உனக்கு வாசம் வருதா?”

“வருதும்மா.”

“எங்கிட்ட எதுக்குலே சொல்லுத? அவகிட்ட சொல்லு.”

அவன் நிமிர்ந்தான். சுதாராணி நிலைப்படிக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“வருது சுதா,” என்றான்.

அவள் சூட்கேசைக் கீழே வைக்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.